டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது

குடல் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும், டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் பயிற்சி மருத்துவர்களுக்கும் கடலூரிலிருந்து ஒரு மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம். ஜூன் மாதம் வந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. என் வீட்டுக்காரருக்குப் பெருங்குடல் முழுவதையும் எடுத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. சண்டை போட வரவில்லை. உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்த நன்றி எப்போதும் உண்டு. அனுப்பிய விதத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச இருக்கிறது.

அவருக்கு 35 வயதில் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் ரத்தம் போகிறது என்றால் எல்லோர் வாயிலும் வருவது ஒரே வார்த்தைதான், மூலம். சுவரெல்லாம் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று ஒட்டியிருக்கும். கருணைக்கிழங்கு, துத்திக்கீரை என்று ஒன்றரை வருஷம் ஓடியது. அப்புறம்தான் ஒரு டாக்டர் கேமரா குழாய் விட்டுப் பார்த்து அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்றார். பெருங்குடலின் உள்தோல் புண்ணாகிற வியாதி. கிருமி காரணமில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடலைத் தாக்குகிறது. மாத்திரையில் அடங்கும், மறுபடி கிளம்பும், கிளம்பும்போதெல்லாம் ஸ்டீராய்டு. எட்டு வருஷம் தாண்டினால் இந்த நோய்க்காரர்கள் புற்றுநோய் வருகிறதா என்று அவ்வப்போது கொலனோஸ்கோப்பி, அதுதான் அந்தக் கேமரா குழாய் சோதனை, செய்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நாங்கள் அதைப் பதினோராவது வருஷத்தில் கேள்விப்பட்டோம், அதுவும் கட்டி தெரிந்த பிறகு. அது தனி வழக்கு. அதை இங்கே தொடங்கினால் இந்த மடல் முடியாது.

ஆபரேஷனில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அங்கிருந்த பெரிய டாக்டர் அருமையாக விளக்கினார். அதையும் சொல்லியாக வேண்டும். பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துப் பை போலத் தைத்து ஆசனவாயோடு சேர்ப்பார்கள். தைத்த இடம் ஆறுகிறவரை அந்த வழியில் எதுவும் போகக் கூடாது. "கெடிலம் பாலத்துல வேலை நடந்தா வண்டிய வேற ரோட்டுல திருப்பி விடுவாங்க இல்லம்மா, அந்த மாதிரி" என்றார். வயிற்றின் வலது பக்கம் சிறுகுடலை வெளியே கொண்டுவந்து ஒரு வாசல் வைத்தார்கள். அதன்மேல் பை ஒட்ட வேண்டும். வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், ரத்தம் குறைந்தவர், உடம்பில் சத்தில்லாதவர், இப்படிப்பட்டவர்களுக்கு உள்தையல் விட்டுக் கசிகிற ஆபத்து அதிகம் என்பதால்தான் இந்த ஏற்பாடு என்றார். தையல்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நைந்த துணியில் போட்ட தையல் எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். காலை ரவுண்டில் "வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். பில், கையெழுத்து, காப்பீட்டு அப்ரூவல் எல்லாம் முடிந்து சீட்டு கைக்கு வந்தபோது மாலை நாலரை. கொடுத்த பயிற்சி டாக்டருக்கு என் மகனைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். கண்ணெல்லாம் தூக்கம், பாவம். "எல்லாம் இதுல எழுதியிருக்கும்மா" என்று நாலு தாளைப் பின் அடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எல்லாம் எழுதித்தான் இருந்தது, இங்கிலீஷில். கடைசித் தாளில் 'அட்வைஸ்' என்று ஐந்து வரி. அதில் ஒன்று, 'வாட்ச் ஃபார் ஹை அவுட்புட்'. இன்னொன்று, 'ரிவ்யூ எஸ்ஓஎஸ்'. எஸ்ஓஎஸ் என்றால் கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற சேதி என்று பாலிடெக்னிக் படிக்கிற என் மகன் சொன்னான். தேவைப்பட்டால் வாருங்கள் என்று அர்த்தமாம், பிறகு தெரிந்துகொண்டோம். எப்போது தேவைப்படும் என்பதுதானே எங்களுக்குத் தெரியாதது?

சரி, வீட்டுக்கு வந்தோம். ஏப்ரல் மாதம், கடலூர் வெயில். பார்க்க வருகிறவர்கள் எல்லோர் கையிலும் இளநீர். பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரொம்பியது, தண்ணீராக. எங்கள் அத்தைக்கு ஒரே சந்தோஷம். "நல்லா போவுதும்மா, உள்ள இருக்கிற கசடெல்லாம் வெளிய வருது" என்பார். அவுட்புட் ஹை என்றால் நல்லதுதானே என்று நாங்களும் நினைத்தோம். வயக்காட்டில் மகசூல் அதிகம் என்றால் சந்தோஷப்பட மாட்டோமா, அந்தப் புத்தி. அவருக்கோ நாக்கு வறண்டுகொண்டே இருந்தது. குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். இளநீர், வெறும் தண்ணீர், மறுபடி இளநீர். குடிக்கக் குடிக்கப் பை ரொம்பியது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டது. சாயங்காலத்திலிருந்து ஒன்றுக்கே போகவில்லை, கடைசியாகப் போனதும் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது என்று அப்போதுதான் சொன்னார்.

108-ல் ஏற்றிக்கொண்டு போனோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்த டெஸ்ட்டில் கிரியாட்டினின் 3.1. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. நாலு நாள் ட்ரிப்ஸ் ஏற்றித்தான் சிறுநீரகம் வழிக்கு வந்தது.

இரண்டாவது தடவை அட்மிட் ஆன அந்த வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். ஊசி மருந்து அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டு, பத்தே நிமிஷத்தில் புரியவைத்தார். பெருங்குடலின் வேலையே தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது. அது இல்லாதபோது சிறுகுடல் வாசல் வழியாக உப்போடு சேர்ந்துதான் தண்ணீர் போகிறது. தாகமாக இருக்கிறதே என்று வெறும் தண்ணீராகக் குடித்தால், குடல் சுவரிலிருந்து இன்னும் உப்பை இழுத்துக்கொண்டு பைக்குத்தான் வரும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் ரொம்பக் கம்மி. அதனால் அவர் குடித்ததெல்லாம் அவரைக் காய வைத்தது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் பொடியைக் கரைத்துத்தான் குடிக்க வேண்டும். அதிலும் ஒரு பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். நாங்கள் டம்ளருக்குக் கொஞ்சம் என்று விபூதி மாதிரி தூவிக்கொண்டிருந்தோம். உப்புப் போட்ட கெட்டிக் கஞ்சி, இட்லி, குழைந்த சோறு, வாழைப்பழம், இதெல்லாம் கழிவைக் கெட்டியாக்கும். குடலின் வேகத்தைக் குறைக்கிற லோபரமைடு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும், எத்தனை என்பது டாக்டர் சொல்கிறபடி. எல்லாவற்றுக்கும் மேல், பையில் வருவதை அளக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்றரையைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும், இரண்டு லிட்டர் என்றால் கிளம்பிவிட வேண்டும்.

அன்றைக்கே தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்டுப் பாத்ரூமில் வைத்தேன். இந்த ஒன்றைச் செய்திருந்தால் இரண்டாம் நாளே பிடித்திருப்போம். பத்து நிமிஷப் பேச்சு, எட்டாம் நாளிலேயே நடந்திருக்க வேண்டியது. சிறுகுடல் வாசல் வைத்தவர்கள் திரும்ப வந்து அட்மிட் ஆவதற்கு முக்கியக் காரணமே இந்த நீரிழப்புதான் என்று அந்த சிஸ்டரே சொன்னார். அப்படி அடிக்கடி நடக்கிற ஒன்றை எதற்காக இங்கிலீஷில் நாலே வார்த்தையில் எழுதுகிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரலெல்லாம் கறுத்த கை. மலக்குடல் புற்றுநோய், வெட்டிச் சேர்த்திருந்தார்கள். ஆறாம் நாள் காலையிலிருந்து விக்கல். யாரோ நினைக்கிறார்கள் என்று மகள் சிரித்துக்கொண்டே சர்க்கரை கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், நிற்கவில்லை. மதியம் டியூட்டிக்கு வந்த சிஸ்டர் நாடியைப் பிடித்துவிட்டு ஓடினார். 120. வயிறு மேளம் மாதிரி உப்பியிருந்தது. ஜுரம்கூடப் பெரிதாக இல்லை. ஸ்கேன் எடுத்து அன்றைக்கு ராத்திரியே தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். சேர்த்த இடம் விட்டுப்போய்க் கசிந்திருந்தது. வயிற்றைக் கழுவி, பை வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். இந்தக் கசிவு பெரும்பாலும் முதல் வாரம் பத்து நாளில் வருமாம், சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகும் வருமாம். அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வந்தது. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வந்திருந்தால், விக்கலுக்கு யார் ஆட்டோ பிடிப்பார்கள்? விக்கல், படபடப்பு, உப்புசம், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, இவை சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள் என்று தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு மை ஆகும்?

எதிர்க் கட்டில் பையனுக்குக் குரோன்ஸ், இதுவும் குடல் புண்ணாகிற ஒரு வியாதிதான். சிறுகுடலின் கடைசியில் சுருங்கிப்போன பகுதியை எடுத்திருந்தார்கள். வெட்டி எடுத்தாச்சு, தொல்லை விட்டது என்று அவன் அப்பா எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். குரோன்ஸ் அப்படி விடுகிற வியாதி இல்லை, சேர்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வரலாம், சிகரெட் பிடித்தால் இன்னும் சீக்கிரம் வரும், அந்தக் கடைசிப் பகுதி அதிகமாகப் போய்விட்டால் பி12 ஊசி தேவைப்படலாம் என்பதை அவர் டாக்டரிடமிருந்து கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பையன் மாடிப்படியில் நின்று சிகரெட் பிடித்ததை மட்டும் பார்த்தேன்.

ஊசி என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் தடவை வயிற்றில் குத்துகிற ஊசி ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க, புற்றுநோய்க்காக வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கு நாலு வாரம் வரை போடுவார்களாம். எதற்கென்று தெரியாததால், வலிக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே நிறுத்திவிட்டோம். கால் வீங்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது என் சொந்த வெட்கம் ஒன்றைச் சொல்கிறேன்.

பையின் அடித்தட்டில் வாசலின் அளவுக்கு ஓட்டை வெட்ட வேண்டும். முதல் நாள் சிஸ்டர் ஓட்டை போட்ட அட்டை ஒன்றை வைத்து அளந்து, 38 மில்லிமீட்டர் என்று குறித்துக் கொடுத்தார். கத்தரி பிடிப்பது எனக்குத் தொழில். வளைந்த கத்தரி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி வைத்துக்கொண்டு, பிசிறில்லாமல் 38, 38 என்று வெட்டினேன். ஓரத்தை விரலால் தடவிச் சூடேற்றி ஒட்டுவேன். மூன்று நாலு நாள் நின்றது, பெருமையாக இருந்தது. ஐந்தாவது வாரத்திலிருந்து நிற்கவில்லை. ராத்திரியில் கழன்றுகொள்ளும். பாயெல்லாம் நனையும். ஓட்டையைச் சுற்றித் தோல் தீப்பட்ட மாதிரி சிவந்து ஈரம் கசிந்தது. ஈரத்தில் தட்டு ஒட்டாது, ஒட்டாததால் மறுபடி கசிவு. ஒரு பை 300 ரூபாய்க்கு மேல், அதை ஒரு நாளைக்கு ஒன்று மாற்றினேன். எரிகிறது என்று மனிதர் சாப்பிடவே பயந்தார். பையே சரியில்லை, கம்பெனியை மாற்றலாம் என்று மெடிக்கல் ஷாப்காரரிடம் சண்டைகூடப் போட்டேன்.

ரிவ்யூவுக்குப் போனபோது அதே சிஸ்டர் பையை எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்பம்மா அளந்தீங்க?"

ஆபரேஷன் ஆன புதிதில் வாசல் வீங்கியிருக்கும். ஆறு எட்டு வாரத்தில் சுருங்கும். அளந்து பார்த்தால் 28. சுற்றிலும் அரை சென்டிமீட்டர் தோல் திறந்து கிடந்திருக்கிறது. சிறுகுடலிலிருந்து வருவது சோற்றைக் கரைக்கிற நீர், அது தோலையும் விடாது. என் கடைக்கு வருகிற பெண் போன வருஷத்து அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால்கூட, டேப் வைத்து உடம்பை அளக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன். முப்பது வருஷத் தொழில். வீட்டுக்காரர் வயிற்றில் அதை மறந்துவிட்டேன். பேசாமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். "உங்க தப்பு இல்லம்மா, வாரா வாரம் அளக்கச் சொல்லி நாங்க எழுதிக் குடுத்திருக்கணும்" என்றார் அவர். சரியான அளவில் வெட்டி, பவுடரும் பேஸ்ட்டும் போட்டு ஒட்டியதும் பத்து நாளில் தோல் ஆறிவிட்டது.

இன்னொன்று. இதை ஒரு பெண் எழுதுகிறாளே என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். மலக்குடலை ஒட்டித்தான் சிறுநீருக்கும் தாம்பத்தியத்துக்குமான நரம்புகள் ஓடுகின்றன. ஆபரேஷனில் அவற்றுக்கு அடிபடலாம், சிலருக்கு நாளாக ஆகச் சரியாகும், சிலருக்கு மருந்து உதவும். இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய ஃபாரத்தில் இருந்ததோ என்னவோ. ஐந்து மாதம் அவர் அதைத் தன்னுடைய கையாலாகாத்தனம் என்று நினைத்துக்கொண்டு திண்ணையில் படுத்தார். பை நாறுகிறது என்று நான் ஒதுக்குகிறேன் என்று அவரும், என்மேல் ஏதோ கோபம் என்று நானும். ஆண்களிடம் ஆண் டாக்டர், பெண்களிடம் பெண் டாக்டர், கதவைச் சாத்திவிட்டு இரண்டு நிமிஷம் பேசினால் போதும். பிள்ளை பெற வேண்டிய வயசுப் பெண்களுக்கு இந்தப் பை தைக்கிற ஆபரேஷனால் கரு தரிப்பது கடினமாகலாம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறாவது மாதம் வாசலை மூடினார்கள். இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை போகிறார், ராத்திரி ஒரு தடவை. உள்ளே தைத்த பை ஒருமுறை வீங்கிப் புண்ணாகி, ஆன்டிபயாட்டிக்கில் சரியானது. அது இப்படி ஆபரேஷன் ஆனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது வருமாம். முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் நாங்கள் பயப்படவில்லை. பாருங்கள், சொன்னால் எவ்வளவு வித்தியாசம். புற்றுநோய் திரும்பி வரவில்லை. பலாச்சுளையும் முந்திரியும் கொஞ்சமாக மென்று தின்கிறார். வெளியே பை ஒட்டியிருந்த காலத்தில் அதெல்லாம் வாசலில் போய் அடைத்துக்கொள்ளும் என்று கண்ணில் காட்டவில்லை. பண்ருட்டி பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு சீசன் முழுக்கப் பலாப்பழ வாசனையை மட்டும் பிடித்தார்.

அரசாங்கத்தில் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு, வயிறு வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கான பையையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். அதே வண்டியில் இந்தப் பையும் வரலாமே. ஆபரேஷனைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது, பைக்கு என் தோடு போனது. வருகிற அக்காவுக்கு அளக்கிற அட்டை ஒன்றும் கொடுத்து, சிறுநீர் போகிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் கிராமத்தில் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வந்து புதுச்சேரி ரோட்டில் போக்குவரத்தே நின்றுபோனது. அந்த மாதிரி நாளில் பை தீர்ந்துபோனவர் எங்கே போவார்?

மருத்துவர்களே, உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். ஓபி-யில் உங்கள் முன்னால் நிற்கிற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் நானே எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கம், தமிழில், பெரிய எழுத்தில், டிஸ்சார்ஜ் சீட்டின் காலியாகக் கிடக்கிற பின்பக்கத்தில் அச்சடிக்கிற அளவுக்கு. பையில் வருவதை எப்படி அளப்பது, எத்தனை லிட்டரில் போன் செய்வது, ஓஆர்எஸ் எப்படிக் கரைப்பது, என்னென்ன சேர்ந்து வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புவது, ஒரு கால் மட்டும் வீங்கினால் என்ன, வாசல் கறுத்தால் என்ன, ஆறு மணி நேரம் ஒன்றுமே வராமல் வயிறு பிடித்து இழுத்தால் என்ன, ஓட்டையை எப்போதெல்லாம் திரும்ப அளப்பது, ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று ஏன் நிறுத்தக் கூடாது. நோயாளிக்கு நோயாளி மாறுகிற விஷயங்களுக்குக் கீழே நாலு வரி காலி இடம் விட்டிருக்கிறேன், அது உங்கள் கையெழுத்துக்கு. அதற்கும் கீழே ஒரு கட்டம். அதில் ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர். அதை மட்டும் என்னால் நிரப்ப முடியவில்லை.

எங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். எழுபத்தைந்து வயசு, கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது. "கப்பல் சேதி" என்ன ஆச்சு என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ரிவ்யூ. பத்து ஜெராக்ஸ் எடுத்து வருகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது, தப்பு இருக்கும். சிவப்பு மையால் திருத்திக் கொடுங்கள், பிரித்துத் தைப்பது எனக்குப் பழக்கம்தான். டோக்கன் வரிசையில் கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒருத்தி நின்றால் அது நான்தான். கடையிலிருந்து நேராக வருவேன், கழற்ற மறந்துவிடும்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.